கேட்டவர் போய்விட்ட கேள்விகள்

காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தது. இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் கணினி அறையில் எல்லாமே நேரத்தோடு பதிவாகும். அன்றைய பதிவை அச்செடுத்து வைத்திருக்கிறேன். அலமாரியில் துணிகளுக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

"மேடம், ஏழாம் நம்பர் பஸ்ஸு உத்தனப்பள்ளியிலயே நிக்குதுங்க," என்றார் போக்குவரத்து சூப்பர்வைசர். "அரை மணியா அங்கயே காட்டுது. உங்க ஸ்கிரீனு தூங்குதா, எங்க டிரைவரு தூங்குறாரா?"

ஏழாம் நம்பர் பஸ்ஸில் என் மகள் இருந்தாள்.

நான் வேலை பார்த்தது ஓசூரில் கியர் செய்யும் ஒரு தொழிற்சாலையில். இரண்டாயிரத்து எட்டு, கேழ்வரகு அறுவடை முடிகிற சமயம். வீடு ராயக்கோட்டையில். கணவர் அங்கே பள்ளி ஆசிரியர். மகள் டிப்ளமா முடித்துவிட்டு எங்கள் தொழிற்சாலையிலேயே ஆய்வுப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. தினமும் நானும் அவளும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். அந்த வாரம் மட்டும் சர்வர் வேலை இருந்ததால், ஐந்து மணி டவுன் பஸ்ஸைப் பிடித்து நான் முன்னாலேயே வந்துவிட்டேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் போர்வைக்குள்ளிருந்து, "இன்னைக்காவது ஜன்னல் சீட்டு எனக்கு" என்றாள். இருட்டில் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பஸ் ஆறேகாலுக்கு ராயக்கோட்டையில் கிளம்பும். உத்தனப்பள்ளி, பிறகு சானமாவுக் காடு, பிறகு ஓசூர். ஏழு இருபதுக்கு வாசலுக்கு வந்துவிட வேண்டும்.

"நானே பாக்கறேன்" என்று போனை வைத்துவிட்டு, கணினியில் பஸ் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். 'பஸ் எங்கே?' என்று பெயர். அதை எழுதியவள் நான்தான்.

அது எப்படி வேலை செய்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. பஸ் இருக்கும் இடத்தை நிமிடத்துக்கு ஒரு தடவை பெங்களூரில் உள்ள ஒரு சர்வருக்கு அது அனுப்பும். இங்கே யாராவது பஸ் எண்ணை அழுத்தினால், அந்தக் கேள்வி எங்கள் சர்வரில் ஒரு வரிசையில் போய் நிற்கும். வரிசையின் மறுமுனையில் ஒரு புரோகிராம். அது கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து, பெங்களூரைக் கேட்டு, வந்த பதிலைக் கேட்டவருக்குத் திருப்பித் தரும். கேட்ட பக்கம் முப்பது விநாடி காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் கடைசியாகத் தெரிந்த இடத்தைக் காட்டி, 'மீண்டும் முயலவும்' என்று சொல்லும். வெறும் பிழைச் செய்தி காட்டி ஆட்களை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்து நானே பார்த்துப் பார்த்து வைத்த வசதி அது.

முப்பது விநாடி காத்திருந்தேன். உத்தனப்பள்ளி. மீண்டும் முயலவும்.

முயன்றேன். உத்தனப்பள்ளி.

மூன்றாவது தடவையும் அதுவே வந்தது. டிரைவரின் செல்போனைக் கூப்பிட்டேன். கன்னடத்தில் ஒரு பெண் குரல் பேசியது. எங்கள் எல்லைப் பக்கத்தில் இது வழக்கம்தான்: போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துவிட்டால் கிடைக்காத செய்தியைக்கூடக் கன்னடத்தில்தான் சொல்லும். அந்தக் குரலின் இனிமை எனக்கு இன்றைக்கும் ஆகாது. பயிற்சிக்கு வருகிறவர்கள் செல்போன் கொண்டுவரக்கூடாது என்பது தொழிற்சாலை விதி. மகளின் போன் வீட்டில் டிவி மேல் கிடந்தது.

கணவரைக் கூப்பிட்டேன்.

"ஏத்தி விட்டுட்டுத்தான் வந்தேன். ஆறேகாலுக்கு கரெக்டா எடுத்தான். ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. பஸ் கொஞ்சம் லேட்டு."

"ஒண்ணுமில்லன்னா நீ ஏன் இவ்ளோ காலையில எனக்குப் போன் பண்ற?"

போனை வைத்துவிட்டேன்.

ஏழு முப்பத்தைந்துக்கு சூப்பர்வைசர் நேரிலேயே வந்தார். நல்ல உயரம், கெலமங்கலம் பக்கத்து ஆள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். அன்று தமிழ் மட்டும் பேசினார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"மேடம், சானமாவுல யானை ரோட்டுக்கு வந்துடுச்சாம். ரெண்டு பக்கமும் வண்டிய நிறுத்திட்டாங்களாம். பால் வண்டிக்காரன் சொல்றான்..." என்று நிறுத்தினார்.

"என்ன சொல்றான்?"

"ஒரு கம்பெனி பஸ்ஸு கண்ணாடி ஒடஞ்சிருக்குதாம். எந்தக் கம்பெனின்னு தெரியலிங்க. அவன் பொய்யும் சொல்லுவான், பால்ல தண்ணி ஊத்துற மாதிரி."

அவர் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். நான் அவருக்கு முன்னால் வாசலுக்கு நடந்தேன்.

வாசலில் எங்கள் ஜீப் தயாராக இருந்தது. சூப்பர்வைசர் வரவழைத்திருந்த வனக் காவலர் இரண்டு பேர் அதில் ஏறிவிட்டார்கள். இருந்தது ஒரு ஜீப்தான். போக வழி இரண்டு. பஸ் உத்தனப்பள்ளியில் நிற்கிறது என்றால், காட்டுச் சாலை அடைத்திருப்பதால் நெடுஞ்சாலையில் போய்ச் சூளகிரியில் திரும்பிச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. பஸ் காட்டுக்குள் மாட்டிக்கொண்டது என்றால் ஓசூர்ப் பக்கத்திலிருந்தே உள்ளே நுழைய வேண்டும். தப்பான பக்கம் போய்விட்டால் திரும்பி வர இரண்டு மணி நேரம்.

"உங்க ஸ்கிரீனு உத்தனப்பள்ளிங்குது. அத நம்பிச் சூளகிரி வழியா அனுப்பட்டுங்களா?"

இருபது வருட வேலையில் என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளில் அதுதான் பெரியது. நான் எழுதிய பக்கத்தை நான் நம்புகிறேனா?

"பத்து நிமிஷம் குடுங்க" என்றேன்.

"ஆறு தரேன்."

கணினி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சர்வரின் வரிசையைத் திறந்தேன். சாதாரணமாக அதில் நிற்பது ஒன்றோ இரண்டோ கேள்விதான். பல நேரம் காலியாகவே இருக்கும். அன்று முந்நூற்றுப் பன்னிரண்டு நின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முந்நூற்றுப் பதினைந்து ஆனது.

முதலில் நிற்பது எப்போது வந்தது என்று பார்த்தேன். ஆறு ஐம்பத்தெட்டு. கேட்டவர் வாசல் காவலர். நாற்பது நிமிடத்துக்கு முன் கேட்ட கேள்வி. அவருடைய பக்கம் முப்பதாவது விநாடியிலேயே கைவிட்டுவிட்டது. அவரும் அதற்குப் பிறகு பத்து தடவை கேட்டிருந்தார். அந்தப் பத்தும் பின்னால் நின்றன. கேன்டீன் மாஸ்டர் இட்லித் தட்டை எப்போது அடுப்பில் ஏற்றலாம் என்று பார்க்க எல்லா பஸ்ஸையும் மாறி மாறிக் கேட்டிருந்தார். லைன் சூப்பர்வைசர்கள் தங்கள் ஆட்களுக்காக. போக்குவரத்து அலுவலகத்திலிருந்து நூற்றுக்கு மேல். என் மேசையிலிருந்து மூன்று. 'மீண்டும் முயலவும்' என்று நான் எழுதியதை எங்கள் தொழிற்சாலை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருந்தது.

பெங்களூரிலிருந்து ஒரு பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பதிவில் பார்த்தேன். நாற்பது விநாடி. நாற்பத்தொன்று. முப்பத்தொன்பது. ஆறு நாற்பதுக்கு முன்னால் எல்லாம் இரண்டு விநாடி. குருபரப்பள்ளிப் பக்கம் நெடுஞ்சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பொக்லைன் ஏதோ ஒரு கேபிளை வெட்டியிருக்கிறது, நாங்கள் மெல்லிய மாற்று இணைப்புக்கு வந்துவிட்டிருக்கிறோம். அது அப்புறம் தெரிந்தது. அப்போது தெரிந்தது இதுதான்: பதில் நாற்பதாவது விநாடியில் வருகிறது. பக்கம் முப்பதாவது விநாடியில் எழுந்து போய்விடுகிறது. பத்து விநாடி வித்தியாசத்தில் ஒவ்வொரு பதிலும் யாருமில்லாத நாற்காலியிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. யாருக்கும் வேண்டாத அந்தப் பதில்களுக்குப் பின்னால், என் கேள்வி மூன்று மணி நேரம் தள்ளி நின்றது.

உத்தனப்பள்ளி என்பது ஆறு முப்பத்தெட்டின் பதில். இடத்தைக் காட்டிய நான், அது எத்தனை மணிக்குத் தெரிந்த இடம் என்று காட்டியிருக்கவில்லை.

இந்தத் தப்பை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. கணினிக்கு வருவதற்கு முன் பதினாலு வருடம் நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். எங்கள் ஸ்டோர்ஸ் வாசலில் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் எழுதியிருக்கும்: முதலில் வந்தது முதலில் போகும். ஒரு வாஷரைக்கூடச் சீட்டும் இரண்டு கையெழுத்தும் இல்லாமல் கழிக்க முடியாது. அந்தப் பலகைக்குக் கீழேதான் நான் வேலை பழகினேன். செய்தி வரிசையை அமைக்கும்போது, 'ஒரு செய்தி எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கலாம்?' என்று ஓர் இடத்தில் கணினி கேட்டது. 'எப்போதும்' என்று நிறைந்த மனதோடு போட்டேன். எதையும் தூக்கி எறியாத வரிசை என்று கூட்டத்தில் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். வரிசையிலிருந்து எதையாவது அழிக்க வேண்டுமானால் என் கடவுச்சொல்லும் ஸ்டோர்ஸ் அதிகாரியின் கடவுச்சொல்லும் சேர்ந்து வேண்டும் என்று விதி வைத்ததும் நான்தான்.

கேள்வி என்பது வாஷர் இல்லை. கேட்டவர் எழுந்து போனதும் அது செத்துவிடுகிறது. ஆறு நிமிடத்தில் இதைக் கற்றுக்கொண்டேன்.

தொழிற்சாலை முழுவதும் கேட்கும் ஒலிபெருக்கியின் மைக்கைப் பிடித்தேன். அதுவரை ஆயுத பூஜைக்கு மட்டும்தான் அதில் பேசியிருக்கிறேன். "எல்லாரும் தயவுசெய்து கேளுங்க. பஸ் எங்கேன்னு யாரும் அழுத்தாதீங்க. வாசல், கேன்டீன், லைன், யாரும். கைய மவுஸ்லேருந்து எடுங்க."

கேன்டீன் ஜன்னல் வழியாக மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டியது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது.

அப்புறம் ஓடினேன். ஸ்டோர்ஸ் அதிகாரி திருநெல்வேலிக்காரர். நான் விருதுநகர்ப் பக்கம் என்பதால் அலுவலகத்திலும் அவர் எனக்கு அண்ணாச்சிதான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க பாஸ்வேர்டு வேணும். இப்பவே. க்யூவ முழுசா அழிக்கணும்."

"அழிக்கணுமா? ஸ்கிராப் சீட்டு எங்க?"

"அண்ணாச்சி! அதுல கெடக்குறது பூராம் கேட்டவன் போயிட்ட கேள்வி. ஏம் பொண்ணு அந்த பஸ்ல இருக்கா."

அவர் எழுந்துவிட்டார். அந்த மனிதர் வேகமாக நடந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கணினி அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் கடவுச்சொல்லை அடித்தார். அழிப்பதற்கான பொத்தான் திரையில் வந்தது. நான் மவுஸைப் பிடித்தேன்.

"நில்லு" என்றார்.

"அண்ணாச்சி, நேரமில்ல."

"சரக்கு லாட்டைப் பாக்காம ஸ்கிராப் போடக்கூடாது தாயி. இருபத்திரண்டு வருசமா நான் பாக்காம ஒண்ணையும் தூக்கிப் போட்டதில்ல. ரெண்டு நிமிசம். நீ தள்ளிவிடு, நான் பாக்கேன்."

அவரைத் திட்டக்கூட எனக்கு மூச்சு இல்லை. பக்கம் பக்கமாகத் தள்ளினேன். ஒரே மாதிரி வரிகள்: பஸ் எண், கேட்டவர், நேரம். ஒரு பக்கம், இரண்டு, மூன்று. நான்காவது பக்கத்தில் அவர் விரல் திரையைத் தொட்டது.

"இது என்ன? இது மட்டும் நீளமா இருக்கு. இது இந்த லாட்டு இல்லியே."

அது கேள்வி இல்லை. ஏழாம் நம்பர் பஸ்ஸின் பெட்டியிலிருந்து பெங்களூர் வழியாக வந்து சேர்ந்த செய்தி. டிரைவர் பக்கத்தில் ஆபத்துக்கு அழுத்தச் சொல்லி ஒரு சிவப்புப் பொத்தான் வைத்திருந்தோம். ஏழு மணி நாலு நிமிடத்துக்கு அதை அவர் அழுத்தியிருக்கிறார். நான் அமைத்த ஒரே வரிசையில், இட்லித் தட்டுக் கேள்விகளுக்குப் பின்னால் ஒழுங்காக முறை காத்து அது நின்றிருக்கிறது. அதன் முறை வர இன்னும் அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். என் அவசரத்துக்கு விட்டிருந்தால் வந்தே இருக்காது. முந்நூற்றுப் பதினாலு கேள்விகளோடு சேர்த்து அதையும் நானே அழித்திருப்பேன்.

இன்றும் சில நாள் அச்செடுத்த பதிவில் அந்த வரி இருக்கிறதா என்று எடுத்துப் பார்க்கிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்திருந்தும்.

செய்தியில் இடத்தின் எண்கள் இருந்தன. அருகிலுள்ள ஊர், தூரம். சூப்பர்வைசர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "ஆறு நிமிசம் பத்து நிமிசமாயிடுச்சிங்க மேடம்," என்றவர் திரையைப் பார்த்ததும் குனிந்தார்.

"இது ரோடே இல்லிங்களே. சானமாவு தாண்டி ஏரி ஓரமா உள்ள போற மண்ணு ரோடு. ஏய்... இது எங்க சித்தப்பா மவன் ரோஜாத் தோட்டத்துக்குப் பின்னாடிங்க! பசுமைக்குடில் போட்டிருக்கான். யானையப் பாத்துட்டு டிரைவரு உள்ள திருப்பியிருக்காரு. அங்க பஸ்ஸு எறங்குனா சக்கரம் புதைஞ்சிரும், புது மண்ணு."

"போக வழி இருக்கா?"

"காட்டுப் பக்கமே போகத் தேவையில்லிங்க. தோட்டத்துக்குப் பின்னால டிராக்டர் பாதை இருக்குது. எனக்கு மட்டுந்தான் தெரியும். அவன்கிட்ட டிராக்டரும் இருக்குது."

"ஆனா இது ஏழு மணிச் செய்தி. இப்பவும் அங்கதான் நிக்குதான்னு பாக்கணும்."

அந்த ஒரு செய்தியைத் தனியே எடுத்து வைத்தேன். மீதி எல்லாவற்றையும் அழித்தேன். முந்நூற்றுப் பதினாலு என்ற எண் பூஜ்யமானது. பதினாலு வருட ஸ்டோர்ஸ் வாழ்க்கையில் நான் கழிக்காத எல்லாவற்றையும் சேர்த்து அந்த ஒரு நொடியில் கழித்த மாதிரி இருந்தது. பக்கத்தின் கெடுவை முப்பதிலிருந்து அறுபது விநாடிக்கு ஏற்றினேன். ஏழு என்று அடித்து அழுத்தினேன்.

மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். பத்து விநாடி. இருபது. முப்பதாவது விநாடியில் என்னை அறியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். அதுவரை அங்கேதானே எல்லாம் நின்றுபோயிற்று. அண்ணாச்சி வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "முப்பத்தெட்டு. முப்பத்தொம்பது. நாப்பது."

நாற்பத்தொன்றில் பதில் வந்தது. அதே இடம். நேரம், ஒரு நிமிடத்துக்கு முன். வேகம் பூஜ்யம். இன்ஜின் அணைந்திருக்கிறது. பெட்டி உயிரோடு இருக்கிறது.

சூப்பர்வைசர் கையைத் தட்டியே விட்டார். "ஆயித்து! ஆயித்து!" என்று கன்னடத்துக்குத் தாவியபடி மாடிப்படியில் இறங்கி ஓடினார். அவர் மறுபடி மூன்று மொழியும் பேசத் தொடங்கியதுதான் எனக்கு அன்றைய முதல் நல்ல சகுனம். ஜீப் வாசலைத் தாண்டும்போது எட்டு மணி மூன்று நிமிடம். சூளகிரிப் பக்கம் திரும்பாமல், நேரே ரோஜாத் தோட்டத்துக்குப் போயிற்று.

அண்ணாச்சி மட்டும் எழுந்திருக்கவில்லை. "அந்த ஒண்ணை நீ ஏன் இதுகளோட சேத்து வச்சே?" என்று கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை; ஸ்டோர்ஸில் கேட்கிற மாதிரி கேட்டார்.

"எல்லாம் செய்திதானேன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

"பெயிண்ட்டும் போல்ட்டும் சாமான்தான். போல்ட்டு பத்து வருசம் கெடக்கும். பெயிண்ட்டு டப்பாவுல தேதி போட்டுல்லா வைக்கோம்?"

அதற்குமேல் எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. வாசலுக்குப் போய் நிற்கத்தான் கால் துடித்தது. ஆனால் நான் வாசலில் நின்று டிராக்டர் இழுக்கப் போவதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த அரை மணி நேரத்தில் செய்த வேலைதான் என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலை என்று இன்றும் நினைக்கிறேன்.

உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவரைவிடக் குறைவாகக் காத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். எங்கள் புரோகிராம் பெங்களூருக்காகத் தொண்ணூறு விநாடி காத்திருக்கலாம் என்று வாங்கும்போதே யாரோ வைத்திருந்தார்கள். நான் அதைத் தொட்டதே இல்லை. பக்கம் முப்பதில் போய்விடும்போது உள்ளே ஒருவர் தொண்ணூறு வரை யாருக்காக நிற்கிறார்? பெங்களூருக்கு நாற்பத்தைந்து விநாடி என்று குறைத்தேன். வரிசையில் ஒரு கேள்வி பத்து விநாடிக்கு மேல் நின்றால் தானாகக் காலாவதி. இரண்டும் சேர்ந்து ஐம்பத்தைந்து. பக்கத்துக்கு அறுபது. முன்பு மனம்போன எண்களாக இருந்தவை இப்போது ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய பாத்திரம்போலப் பொருந்தின. ஒரு தடவை அழுத்தினால், பதில் வரும் வரையோ கெடு முடியும் வரையோ பொத்தான் மறுபடி அழுந்தாது. கடைசியாகத் தெரிந்த இடத்தைக் காட்டினால், எத்தனை மணிக்குத் தெரிந்தது என்று சிவப்பில் காட்ட வேண்டும்.

சிவப்புப் பொத்தானுக்குத் தனி வரிசை. அதற்கு மட்டும் ஆயுள் 'எப்போதும்' என்றே விட்டேன். அந்தச் செய்தி வந்தால் போக்குவரத்து மேசையில் மணி அடிக்கும். யாராவது எழுந்து போய் 'பார்த்தேன்' என்று அழுத்தும் வரை நிற்காது.

இந்த எண்களைச் சரிபார்க்க ஒலிபெருக்கியில் மறுபடி பேசினேன். "இப்ப எல்லாரும் அழுத்துங்க. ஒரே நேரத்துல. எவ்ளோ வேணா அழுத்துங்க." தொழிற்சாலையே அழுத்தியது. வரிசை ஏழு, எட்டு வரை ஏறியது. பத்து விநாடியில் உதிர்ந்து காலியானது. பதில் கிடைக்காதவர்களுக்குக் கெடு முடிந்ததும் 'இப்போது தெரியவில்லை' என்று வந்தது. பொய்யான உத்தனப்பள்ளி யாருக்கும் வரவில்லை. அந்த எண்களை அதற்குப் பிறகு, அந்த சர்வரைக் கழிக்கும் நாள் வரை, யாரும் மாற்ற வேண்டி வரவில்லை.

எட்டு நாற்பதுக்கு ஜீப்பிலிருந்து சூப்பர்வைசர் பேசினார். இரைச்சலில் பாதிதான் கேட்டது. "மேடம், எல்லாரும் நல்லாருக்காங்க. கண்ணாடி ஒடஞ்சது எங்க பஸ்ஸுதாங்க, மரக்கெளை பட்டு. யானை பஸ்ஸத் தொடவேயில்ல. குட்டியோட ஏரியில தண்ணி குடிச்சிட்டு நின்னுச்சாம், இவங்க மூச்சு விடாம உள்ள உக்காந்திருந்தாங்களாம். டிராக்டர் கட்டியாச்சு. உங்க பொண்ணு பேசணுங்குது, இருங்க—" அதற்குள் இணைப்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டேன். அந்தக் கன்னடப் பெண்.

கணவருக்குச் சொன்னேன். "காலையில ஒண்ணுமில்லன்னியே, அது இதானா?" என்றார். பள்ளி மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அவர் வகுப்புக்குப் போகவில்லை என்று அப்புறம் தெரிந்தது. தலைமையாசிரியர் அறை வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாராம்.

அதற்குப் பிறகு என்னால் உள்ளே இருக்க முடியவில்லை. வாசலைத் தாண்டி வெளியே, தொழிற்பேட்டைச் சாலையில் லாரிகள் திரும்பும் இடத்தில் போய் நின்றேன். வாசல் காவலர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கேன்டீன் மாஸ்டர் டம்ளரில் டீ அனுப்பினார், அது ஆறிப்போயிற்று. ஸ்டோர்ஸ் ஜன்னலில் அண்ணாச்சி தெரிந்தார். வெயில் ஏறியது. வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நாற்காலியை விட்டு எழுந்தேன். எழுந்து எழுந்து கடைசியில் உட்காரவே இல்லை.

ஒன்பது மணி இருபத்தாறு நிமிடத்துக்கு, முன்னால் ஜீப்பும் பின்னால் சேறு அப்பிய ஏழாம் நம்பர் பஸ்ஸுமாக வந்தார்கள். ஜீப் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது, கல்யாண ஊர்வலம் மாதிரி. லைனில் இருந்தவர்கள் வாசல் வரை வந்துவிட்டார்கள். யாரோ விசில் அடித்தார்கள். சூப்பர்வைசர் ஜீப்பிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, ஒரு கை நிறைய ரோஜாக்களை ஆட்டிக் காட்டினார். சித்தப்பா மகன் தோட்டத்தில் பறித்தது.

பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஜன்னல் சீட்டுக்காரி கடைசியாகத்தான் இறங்குவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

அப்புறம் அவள் இறங்கினாள். செருப்பு கையில் இருந்தது. பாவாடைபோலச் சேறு முழங்கால் வரை. ஆறிப்போன டீயோடு நடுச்சாலையில் நின்ற என்னைப் பார்த்ததும் அவள் முகம் கோபத்தில் சுருங்கியது. அழுகை வரும்போது சின்ன வயதிலிருந்தே அவளுக்கு முதலில் கோபம்தான் வரும்.

"ஏம்மா இப்படி லாரி வர்ற ரோட்டுல வந்து நிக்கிற?" என்றாள். "நான் வரலேன்னா எவ்ளோ நேரந்தான் நின்னுட்டு இருந்திருப்ப?"